கத்தி ஓய்ந்த பின்னர்

பிற அவயவங்களில் ரண சிகிச்சை செய்யும் வைத்தியருக்கு, தையல் முடிந்து வயிற்றை மூடியதும், காரியத்தின் கடினமான பகுதி கழிந்தது என்று சற்றே மூச்சுவிட அவகாசம் உண்டு. கணையத்தில் கை வைத்தவருக்கோ அந்த அவகாசம் கிட்டுவதில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்த பிறகுதான், மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ, சில வேளைகளில் இரண்டு வாரம் கழிந்தோ, அந்த ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்பது நிர்ணயமாகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அவயவத்தோடு மல்லுக்கு நிற்கும் வைத்திய உலகம் அடைந்திருக்கும் முன்னேற்றத்தை நிதானமாக ஆராய்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். பின்விளைவுகள் குறைந்தது கொஞ்சம். அவற்றால் நேரும் மரணங்கள் குறைந்ததோ மிக அதிகம். கணையம் இன்றும் கசிகிறது, ஆனால் கசிந்தவர்கள் முன்போல இறப்பதில்லை. இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அந்த அவயவத்தின் சுபாவத்தை அறிந்தாக வேண்டும்.

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின்மேல் குறுக்காகப் படுத்திருக்கும் கணையத்தின் எடை 100 கிராமுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அதன் தலைப்பகுதியைச் சிறுகுடலின் தொடக்கமாகிய முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கிறது. கல்லீரலிலிருந்து இறங்கும் பித்த நாளம் அந்தத் தலையினூடே புகுந்து குடலைச் சேர்கிறது. குடலுக்கும் கல்லீரலுக்கும் செல்லும் பெரிய ரத்தக் குழாய்கள் அதன் முதுகை உரசிக்கொண்டு ஓடுகின்றன. இத்தனை சிறிய இந்த அவயவம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஜீரண நீரைச் சுரக்கிறது. மாமிசம், மாவு, கொழுப்பு ஆகிய மூன்றையும் கரைக்கவல்ல அந்த நீர் தன்னைச் சுரந்த கணையத்தையே தின்றுவிடாதிருப்பதற்குக் காரணம், அதிலுள்ள டிரிப்சின் முதலிய என்சைம்கள் உறங்கும் நிலையிலேயே வெளிவருவதுதான். குடலின் உட்சுவரில் ஊறும் மற்றொரு என்சைம் தீண்டிய பின்னரே அவை விழித்துக்கொள்கின்றன. ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்ட உண்மை இது. ரண சிகிச்சை நிபுணரின் துரதிருஷ்டம் என்னவென்றால், கணையத்தின் தலையை வெட்டியெடுத்தபின் மிச்சமிருக்கும் உடலை அவர் எந்த அவயவத்தோடு தைத்தாக வேண்டுமோ, அந்தச் சிறுகுடலில்தான் உறங்குவதை எழுப்பும் அந்தப் பொருளும் இருக்கிறது. தையலில் ஓர் இடைவெளி விழுந்தால் போதும். விழித்துக்கொண்ட என்சைம்களும் பித்தமும் குடற்கிருமிகளும் ஒன்றாகக் கலந்து வயிற்றுக்குள் இறங்கிவிடும். கணையத்தின் வால்பகுதியை மட்டும் நீக்கி, வெட்டுவாயைக் குடலோடு இணைக்காமல் அப்படியே மூடிவிடும் ஆபரேஷனில் கசிவு இதைவிட அடிக்கடி நேர்ந்தாலும், அதன் கொடுமை பெரும்பாலும் குறைவாயிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

தலைப்பகுதியை முன்சிறுகுடலோடு சேர்த்து நீக்க முதலில் துணிந்தவர், இத்தாலியின் இமோலா நகரில் பணியாற்றிய அலெஸ்ஸாந்த்ரோ கொடிவில்லா. 1898இல் அவர் செய்த ஆபரேஷனுக்குப்பின் நோயாளி சில வாரங்களே உயிரோடிருந்தார். 1909இல் பெர்லினில் வால்ட்டர் கௌஷ் என்பவர் இரண்டு கட்டமாக அதே காரியத்தைச் செய்தபோது நோயாளி மாதக்கணக்கில் பிழைத்திருந்தார். எனினும் அந்த ஆபரேஷனுக்கு நிலைத்த பெயர், பாரசீகத்தில் கிறிஸ்தவ மிஷனரித் தம்பதிக்கு 1881இல் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற ஆலன் விப்பிளுடையதே. 1935இல் பார்ஸன்ஸ், மல்லின்ஸ் என்னும் இரு சகாக்களோடு அவர் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவை மூன்றே நோயாளிகளின் விவரங்கள்தாம். அவர்களுள் முதலாமவர் ஆபரேஷன் முடிந்த சிறிது காலத்துக்குள்ளேயே இறந்துபோனார். ஆட்டுக் குடலிலிருந்து தயாரிக்கும் கேட்கட் நூலால் கணையத்தையும் குடலையும் தைத்திருந்தார்கள். அந்த நூலும் மாமிச சம்பந்தமான பொருளாகையால், கணைய நீர் அதை ஜீரணித்துவிட, தையல் பிரிந்துபோயிற்று. அதன்பின் விப்பிள் பட்டு நூலுக்கு மாறியதோடு, கணையத்தைக் குடலோடு இணைக்கும் எண்ணத்தையே கைவிட்டு, வெட்டுவாயைக் கட்டி மூடிவிட்டார். கொடிய எதிரியைச் சந்திக்காமல் ஒதுங்கிப் போகும் யுக்தி அது, பலிக்கவில்லை. மூடிய வாயும் கசிந்தது. போதாததற்கு, ஜீரண நீர் குடலுக்கு எட்டாமையால் நோயாளியும் மெலிந்தார். பின்னாளில் அவரும் மற்றவர்களும் இணைப்புக்கே திரும்ப நேர்ந்தது.

அந்நாளில் இந்த ஆபரேஷனை இரண்டு கட்டமாகச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கணையத் தலையில் கட்டி வளர்ந்தால் பித்த நாளம் அடைபட்டுக் காமாலை உண்டாகும். பித்தம் குடலுக்கு வராதபோது கொழுப்பில் கரையும் வைட்டமின் கே உடலில் சேராது. அது சேராவிட்டால் ரத்தம் உறையாது. எனவே முதலில் பித்தத்துக்கு மாற்று வழி செய்துவிட்டு, காமாலை தணிந்தபின் கட்டியை நீக்கினார்கள். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1930களில் அந்த வைட்டமினைக் கண்டுபிடித்ததும் அந்த நிர்ப்பந்தம் நீங்கிற்று. 1940 மார்ச்சில் இரைப்பைப் புற்று என்று எண்ணி வயிற்றைத் திறந்த விப்பிள், கட்டி கணையத் தலையில் இருக்கக் கண்டு, ஒரே அமர்வில் முழுவதையும் முடித்தார். முன்கூட்டியே காமாலையை இறக்கும் பழைய வழக்கம் நம் காலத்தில் எண்டோஸ்கோப் மூலம் ஸ்டென்ட் வைக்கும் உருவில் திரும்பி வந்து, சில பத்தாண்டுகள் கேள்வியின்றி நடந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 2010இல் டச்சு வைத்தியர்கள் அதைச் சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவிகிதத்தினருக்கும், நேரே ஆபரேஷனுக்குச் சென்றவர்களில் 39 சதவிகிதத்தினருக்கும் கடுமையான பின்விளைவுகள் நேர்ந்தன. அடைபட்ட நாளத்துக்குள் குழாய் செருகும்போது கிருமிகளும் கூடவே ஏறிவிடுகின்றன. காமாலை மிகக் கடுமையாயிருந்தாலோ, பித்த நாளத்தில் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டிருந்தாலோ, ஆபரேஷன் தள்ளிப்போனாலோ ஒழிய ஸ்டென்ட் தேவையில்லை என்பது இன்று பொதுவான அபிப்பிராயம்.

விப்பிள் தம் வாழ்நாளில் இந்த ஆபரேஷனை 37 முறைதான் செய்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதிகம் செய்தார்கள், ஆனால் அதிகம் பிழைக்கவைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1960களிலும் எழுபதுகளிலும் பல ஆஸ்பத்திரிகளில் நாலைந்து பேரில் ஒருவர் ஆஸ்பத்திரியை விட்டு உயிரோடு வெளிவரவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஜார்ஜ் கிரைல் 1970இல், கணையப் புற்றுக்கு இந்த ஆபரேஷனையே விட்டுவிட்டு, பித்தத்துக்கு மட்டும் மாற்று வழி செய்தால் நோயாளிகள் அதிக நாள் வாழ்வார்கள் என்று வாதித்தார். அந்த வாதத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நியாயமன்று. ஆபரேஷனால் குணமடைவோரின் தொகையை ஆபரேஷனிலேயே மாள்வோரின் தொகை விழுங்கிவிடும் காலத்தில், கணக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? அந்தக் கணக்கு மாறியது 1980களுக்குப் பிறகுதான். 1993இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஜான் கேமரன் குழுவினர், தொடர்ச்சியாக 145 பேருக்கு ஒரு மரணமும் இன்றி இந்த ஆபரேஷனைச் செய்ததாக அறிவித்தார்கள். ஒரு மரணமும் இல்லை என்றுதான் சொன்னார்களே தவிர, பின்விளைவு இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பின்விளைவுகளில் தலையாயது கசிவு. எவருக்குக் கசியும் என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் கணையத்தின் தன்மையே. புற்றினால் கணைய நாளம் நெடுநாள் அடைபட்டிருந்தால், நாளம் விரிந்து, சுற்றியுள்ள சதை நார்ப்பற்றி இறுகிப்போயிருக்கும். அத்தகைய கணையம் ஊசியைத் தாங்கும், நூலைப் பிடிக்கும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளவயதிலேயே சிலரைப் பீடிக்கும், நாளத்துக்குள் சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த நாட்பட்ட கணைய அழற்சியிலும் இதே இறுக்கம் உண்டு. ஆரோக்கியமான கணையமோ மிருதுவானது. அதன் நாளம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதில் தையல் போடுவது வெண்ணெயில் தையல் போடுவதைப் போன்றது. முடிச்சைச் சற்றே இறுக்கினால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். ஆக நோய் முற்றிய கணையத்தில் தையல் நிலைக்கிறது. நோய் தீண்டாத கணையத்தில் தையல் பிரிகிறது. இந்த முரண்பாட்டை எதிர்கொள்ள நிபுணர்கள் செய்து பார்க்காத யுக்தி இல்லை. கணையத்தைக் குடலுக்குள் செருகினார்கள், நாளத்தின் வாயைக் குடலின் உட்சவ்வோடு நுட்பமாகத் தைத்தார்கள், குடலை விட்டு இரைப்பையோடு இணைத்தார்கள், நாளத்துக்குள் மெல்லிய குழாய் வைத்தார்கள், சுரப்பை அடக்கும் ஊசி மருந்து கொடுத்தார்கள், பசை தடவினார்கள். ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் சிறப்பாகப் பலித்தது. மற்றோர் ஆஸ்பத்திரியில் அதே அளவு பலிக்கவில்லை. சிகிச்சை தேவைப்படுகிற அளவுக்குக் கசிவு இன்றும், தேர்ந்த கைகளிலேயே, பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ நேருகிறது.

கசிவு என்று எதைச் சொல்வது என்பதிலேயே நெடுங்காலம் ஒற்றுமை இருந்ததில்லை. இத்தாலியின் வெரோனா நகரத்து நிபுணர்கள், தங்களுடைய அதே நோயாளிகளின் விவரங்களுக்கு வெவ்வேறு இலக்கணங்களைப் பொருத்திப் பார்த்தபோது, கசிவின் விகிதம் 10 சதவிகிதத்திலிருந்து 28 சதவிகிதம்வரை மாறியது. அதாவது நல்ல இலக்கணத்தைத் தேர்ந்துகொண்டால் எவரும் நல்ல நிபுணர் ஆகிவிடலாம். 2005இல் சர்வதேசக் குழு ஒன்று இதற்கு முடிவு கட்டியது. மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ வயிற்றில் வைத்த டிரெயின் குழாய் வழியே வரும் நீரில், அமைலேஸ் என்னும் என்சைமின் அளவு, ரத்தத்தில் சாதாரணமாக இருக்கக்கூடிய உச்ச அளவைப்போல் மும்மடங்குக்கு மேற்பட்டால் அது கசிவு என்று வகுத்தார்கள். 2016இல் அதைத் திருத்தி, நோயாளியை எவ்விதத்திலும் பாதிக்காத கசிவைக் கணக்கிலிருந்தே விலக்கினார்கள்.

வார்டில் இதைப் பார்க்கும் கண் வேறு. ஆபரேஷன் ஆன முதல் நாள் டிரெயின் பையில் சேர்வது ரத்தம் கலந்த இளஞ்சிவப்பு நீர். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது நாளுக்கு நாள் வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்து, அளவிலும் குறையும். மூன்றாம் நாலாம் நாளில் அந்த நீர் தெளியாமல், சாம்பலும் பழுப்பும் கலந்த கலங்கலாக வந்தால் அனுபவமுள்ள நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடுவார். லாபரட்டரி ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கமாட்டார். பச்சை ஏறியிருந்தால் பித்தத் தையலும் விட்டிருக்கலாம். நோயாளியோ பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். நாடி சற்று வேகமாயிருக்கும், மதியம் லேசான காய்ச்சல் காணும், நேற்று நடந்தவர் இன்று எழ மனமில்லை என்பார். இந்தக் குழாய் உண்மையில் அவசியந்தானா என்ற கேள்வியும் எழாமலில்லை. அமெரிக்காவில் குழாய் வைத்தும் வைக்காமலும் செய்து ஒப்பிட்ட ஒரு பரிசோதனையை, 2014இல் வெளியான முடிவுகளின்படி, இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. குழாய் வைத்தவர்களில் 3 சதவிகிதமாயிருந்த மரணம், வைக்காதவர்களில் 12 சதவிகிதமாயிற்று. ஆயினும் தேவையற்ற குழாயை நெடுநாள் விட்டுவைத்தால் அதன் வழியே கிருமி ஏறும் என்பதும் நிரூபணமானதே. அதனால் முதல் நாளிலேயே அமைலேஸ் குறைவாயிருப்பவர்களுக்கு மூன்றாம் நாளில் குழாயை எடுத்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது.

கசிவைவிட அரிதானதும் அதைவிடக் கொடியதும் ரத்தப்போக்கு. முதல் நாளிலேயே நேர்வது பெரும்பாலும் ஒரு முடிச்சு நழுவியதால். வயிற்றைத் திறந்து கட்டினால் நின்றுவிடும். அஞ்ச வேண்டியது, வாரம் கழிந்து, நோயாளி தேறிவருகிறார் என்று உறவினர்கள் ஆறுதல் கொண்டிருக்கும் வேளையில் வருவது. கணையத் தலைக்கு ரத்தம் கொண்டுவந்த தமனியை ஆபரேஷனின்போது கட்டி வெட்டியிருப்பார்கள். அந்தக் கட்டிய முனை, கணையத் தையலுக்கு மிக அருகிலேயே கிடக்கிறது. கசிந்த நீர் அங்கே தேங்கிச் சீழ்பிடித்தால், என்சைம்கள் தமனியின் சுவரைச் சிறிது சிறிதாக அரித்து, மெல்லிய தோல் மூடிய கொப்புளமாக்கிவிடும். அது உடையும் முன்னர் அநேகமாக ஓர் எச்சரிக்கை கிடைக்கிறது. டிரெயினில் ஓரிரு கரண்டி அளவு புதிய சிவப்பு ரத்தம் வரும்; அல்லது நோயாளி சிறிது ரத்தமாக வாந்தியெடுப்பார்; பிறகு தானாகவே நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று காலைவரை பொறுப்பவர்கள் பலமுறை அந்தக் காலையைக் கண்டதில்லை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வெள்ளம்போல் வரும். அந்த முதற்சொட்டைக் கண்டவுடன் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, தொடைத் தமனி வழியே நுண்ணிய குழாயைச் செலுத்தி, அரித்த இடத்தைக் கம்பிச் சுருளால் அடைப்பதோ, உறையிட்ட ஸ்டென்ட் வைப்பதோ இன்றைய முறை. ஒரு தலைமுறைக்கு முன்னர் மீண்டும் வயிற்றைத் திறப்பதொன்றே வழி. அழற்சியால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் புண்ணாகிக் கிடக்கும் இடத்தில், பொங்கும் ரத்தத்தினிடையே ஒரு சிறு முனையைத் தேடுவது எத்தகைய காரியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரைப்பை சில நாட்கள் வேலைநிறுத்தம் செய்வது மற்றொரு தொல்லை. குடித்தது இறங்காமல் குமட்டி, எடுத்துவிட்ட ரைல்ஸ் டியூபை மூக்கு வழியே மறுபடி போட நேரும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வீடு திரும்பும் நாளைத் தள்ளிப்போட்டு, நோயாளியின் மனத்தைத் தளரவைப்பதில் இதற்கு இணையில்லை. பல வேளைகளில் உள்ளே கவனிக்கப்படாமல் கிடக்கும் ஒரு சீழ்த்தேக்கமே இதன் மூலமாயிருப்பதால், இரைப்பை அசையவில்லை என்றால் கணையத் தையலைச் சந்தேகிப்பது விவேகம்.

இனி, மரணம் குறைந்த கதைக்கு வருவோம். 2002இல் ஜான் பர்க்மேயர் முதலானோர் அமெரிக்க முதியோரின் லட்சக்கணக்கான பதிவுகளை ஆராய்ந்து, கணைய ஆபரேஷனை அரிதாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் மரணம் 16.3 சதவிகிதம், மிக அதிகமாகச் செய்யுமிடங்களில் 3.8 சதவிகிதம் என்று காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த பதினான்கு ஆபரேஷன்களில் வேறெதிலும் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. இது நிபுணரின் கைத்திறனால் வந்த வேறுபாடு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2009இல் அமீர் கஃபேரியும் பர்க்மேயரும் ஜஸ்டின் டிமிக்கும் பலவகை ஆபரேஷன்களை ஒருசேர ஆராய்ந்தபோது கண்டது வேறு. மரணம் மிகுந்த ஆஸ்பத்திரிகளில் பெரிய பின்விளைவு 18.2 சதவிகிதம், மரணம் குறைந்த ஆஸ்பத்திரிகளில் 16.2 சதவிகிதம், ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பின்விளைவு நேர்ந்தவர்களில் இறந்தவர்கள் முன்னதில் 21.4 சதவிகிதம், பின்னதில் 12.5 சதவிகிதம். இரவு இரண்டு மணிக்கு நாடி ஏறியதை யார் கவனிக்கிறார்கள், கவனித்தவர் யாரைக் கூப்பிடுகிறார், கூப்பிட்டவர் வருகிறாரா, ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் எடுக்க ஆள் உண்டா, குழாய் செலுத்தத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் ஊரில் இருக்கிறாரா என்பவற்றில்தான் அந்த வேறுபாடு அடங்கியிருந்தது. பெரிய நிபுணரின் பெயரைக் கேட்டு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும் நாம், இரவுப் பணியில் இருப்பவரைப் பற்றி எப்போதாவது விசாரிக்கிறோமா?

இதற்குத் தெளிவான சான்று நெதர்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டில் கணைய ஆபரேஷன் செய்யும் 17 ஆஸ்பத்திரிகளும் ஒன்றுசேர்ந்து, 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஒரு பரிசோதனையை நடத்தின. புதிய மருந்து இல்லை, புதிய தையல் இல்லை. மூன்றாம் நாள் முதல் பதினான்காம் நாள்வரை ஒவ்வொரு நோயாளியின் காய்ச்சல், நாடி, ரத்தப் பரிசோதனை, டிரெயின் நீர் ஆகியவற்றை அன்றாடம் ஒரே ஒழுங்கில் பார்ப்பது. குறித்த எல்லையைத் தாண்டினால் தயங்காமல் சி.டி. ஸ்கேன் எடுப்பது, தேக்கம் இருந்தால் வயிற்றைத் திறக்காமல் தோல் வழியே ஊசியால் குழாய் வைப்பது, ஆன்டிபயாடிக் எப்போது தொடங்குவது, குழாயை எப்போது எடுப்பது என்பதை விதியாக எழுதிவைப்பது, அவ்வளவுதான். 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கண்ட பலன் 2022இல் வெளியாயிற்று. கடும் ரத்தப்போக்கு, அவயவச் செயலிழப்பு, மரணம் ஆகிய மூன்றில் ஒன்றையேனும் அடைந்தவர்கள் 14 சதவிகிதத்திலிருந்து 8 சதவிகிதமாகவும், தொண்ணூறு நாட்களுக்குள் இறந்தவர்கள் 5 சதவிகிதத்திலிருந்து 3 சதவிகிதமாகவும் குறைந்தார்கள். அதே தேசத்தில் அதற்குச் சற்று முன்னர், சிறு துளைகள் வழியே லாப்ராஸ்கோப் கொண்டு விப்பிள் ஆபரேஷனைச் செய்து பார்த்த பரிசோதனையை, துளைவழி செய்த 50 பேரில் ஐவரும், திறந்து செய்த 49 பேரில் ஒருவரும் இறந்ததால், பாதியில் நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணைக் கவர்ந்த கருவி கொடுக்காததை, சலிப்பூட்டும் ஒரு பட்டியல் கொடுத்தது.

உயிர் தப்பி வீடு திரும்பியவருக்கும் கணையத்தின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. சுரப்பு குறைந்ததால் கொழுப்பு ஜீரணமாகாமல், மலம் எண்ணெய்ப் பசையோடு வெளுத்து, நாற்றம் மிகுந்து, தண்ணீரில் மிதக்கும். எடை இறங்கிக்கொண்டே போகும். என்சைம் மாத்திரையைச் சாப்பாட்டின் தொடக்கத்திலும் இடையிலுமாக விழுங்கினால் இது வெகுவாகச் சரியாகும். சாப்பிட்டு முடித்தபின் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்குபவர்களுக்கு அவ்வளவு பலன் தராது. சர்க்கரை நோய் புதிதாகத் தோன்றலாம். முழுக் கணையத்தையும் நீக்கியவர்களிடம் அது விசேஷமான பிடிவாதத்தோடு இருக்கும். இன்சுலினோடு, சர்க்கரை தாழும்போது உயர்த்திக் காக்கும் குளுகோகானும் போய்விடுவதால், ஊசி சற்றுக் கூடினாலும் மயக்கம் வந்துவிடும். வால்பகுதியோடு மண்ணீரலையும் இழந்தவர்கள் நிமோனியா முதலிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளாதிருப்பது அபாயம்.

புற்று நோயாளிக்கு இதில் மற்றொரு நஷ்டமும் உண்டு. கட்டியை நீக்கியபின் கொடுக்கும் கீமோவே ஆயுளை நீட்டுகிறது. 2018இல் வெளியான பிரெஞ்சு, கனடா நாட்டு ஆராய்ச்சியில், நாலு மருந்துகள் சேர்ந்த கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 54.4 மாதம், ஒரு மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 35 மாதம். ஆனால் டிரெயினும் காய்ச்சலுமாக இரண்டு மாதம் படுத்துக் கிடந்தவருக்கு அந்தக் கடும் மருந்தைத் தாங்கும் சக்தி ஏது? கசிவினால் இறக்காதவரும், கசிவு தள்ளிப்போட்ட மருந்தினால் நஷ்டப்படுகிறார். கீமோவை ஆபரேஷனுக்கு முன்னரே கொடுத்துவிடும் முறை பரவிவருவதற்கு இது ஒரு காரணம். கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேரும்போது கணையம் இறுகி, கசிவும் ஓரளவு குறைவதாகத் தெரிகிறது.

இவை எல்லாவற்றிலும் தீர்ப்புச் சொல்ல மிகக் கடினமான நிலையில் இருப்பவர், நோயே இல்லாதவர். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கணையத்தில் ஒரு சிறு நீர்க்கட்டி தென்படுகிறது. இத்தகைய நீர்க்கட்டிகளுள் சில வகை, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடியவை, பெரும்பாலானவை மாறுவதில்லை. அவருக்கு வலி இல்லை, காமாலை இல்லை. நாளம் மெல்லியது, கணையம் மிருது. அதாவது தையல் நிலைக்காத கணையம் அவருடையதுதான். ஆகையால், நாளத்தின் கிளைகளில் தோன்றி, அளவில் சிறியதாய், உள்ளே கெட்டியான முடிச்சு எதுவும் இல்லாத நீர்க்கட்டிகளை உடனே வெட்டாமல், குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்து வரும்படி சர்வதேச நிபுணர்களின் நெறிமுறைகள் கூறுகின்றன. எந்த அளவில், எந்த மாற்றத்தைக் கண்டதும் கத்தியை எடுப்பது என்பதில் அந்த நெறிமுறைகள் ஒன்றோடொன்று இன்னும் முற்றும் உடன்படவில்லை.